மடியிலே பொன்முடி, தலையிலே அட்டைமுடி: கொச்சிச் சவிட்டு நாடகத்தின் காகிதக் கலை

கொச்சியின் வரலாற்றில் இருவகை முடிகள் உண்டு. முதலாவது பொன்னால் ஆனது. 1505இல் போர்த்துகீசிய அரசப் பிரதிநிதியாக வந்த பிரான்சிஸ்கோ தெ அல்மெய்தா, தம் மன்னர் மனுவேல் அனுப்பிய பொன்முடியைக் கொச்சி அரசருக்கு அளித்தார். ஆயினும் கொச்சி அரசர்கள் முடியைத் தலையில் தரித்ததில்லை என்றும், அரசேற்பின்போது அதை மடியில் வைத்துக்கொள்வதே வழக்கம் என்றும் அம்மரபினர் கூறுவர். பெரும்படப்பு மரபின் பழைய இருப்பிடமான வன்னேரி, கோழிக்கோட்டுச் சாமூதிரியின் வசம் போனது. அதை மீட்கும்வரை முடி தரிப்பதில்லை என்பது குலச் சூளுரை என்பது வழிவழி வரும் விளக்கம். வன்னேரி மீளவில்லை, முடியும் மடியைவிட்டுத் தலைக்கு ஏறவில்லை.

இரண்டாவது முடி அட்டையால் ஆனது. அது ஏறாத தலை இல்லை. பகலில் வலை வீசியவரும், தோணி செலுத்தியவரும், கூலிவேலை செய்தவரும் இரவில் அதை அணிந்து உரோமாபுரிச் சக்கரவர்த்தியாகவும் பிரான்சு நாட்டுப் படைத்தலைவராகவும் பலகை மேடையில் நின்றனர். கொச்சிக் கோட்டை, மட்டாஞ்சேரி, வைப்பின், செல்லானம், வடக்கே கோதுருத்து எனக் கடலும் காயலும் சூழ்ந்த கரைகளில் இலத்தீன் கத்தோலிக்க மக்கள் பேணிவரும் சவிட்டு நாடகத்தின் முடி அது. இக்கட்டுரை அந்த இரண்டாவது முடியைப் பற்றியது. பொன்முடிக்குக் கருவூலக் குறிப்பும் அருங்காட்சியகக் காவலும் உண்டு. அட்டைமுடிக்கு இவை எவையும் கிடைத்ததில்லை. கலைவரலாறு எழுதுவோர் இக்குறையைக் குறையாகவே உணர்ந்ததில்லை என்பதுதான் என் கவலை.

1. பெயரும் மொழியும்

'சவிட்டு' என்றால் மிதி. 'சவட்டுதல்' என்னும் பழந்தமிழ் வினையை அறிந்தவர்க்கு இச்சொல் அயலன்று. நடிகர் பாடிக்கொண்டே பலகைத் தளத்தை ஓங்கி மிதிப்பர். மிதியே தாளம், மிதியே வீரத்தின் ஒலி. கதையோ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சார்லமேன் பேரரசரையும் அவருடைய பன்னிரு வீரர்களையும் பாடும் 'காறல்மான் நாடகம்' இவற்றுள் முதன்மையானது. ஜெனோவா, பிரிஜீனா, அல்லேசு, ஞானசுந்தரி முதலிய பிற நாடகங்களும் ஆடப்பட்டன.

இந்நாடகங்களின் மொழியை அக்கரையோர் 'செந்தமிழ்' என்கின்றனர். மலையாளம் விரவிய தமிழ் அது. கேரளக் கடற்கரை மக்கள் தம் கலைக்குத் தமிழை ஏன் கைக்கொண்டனர் என்ற வினாவுக்கு விடை தேடுவோர், தமிழகத்திலிருந்து வந்த ஆசிரியரான சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரைத் தவறாமல் குறிப்பர். ஆடலும் பாடலும் பயிற்றும் ஆசிரியரை 'அண்ணாவி' என்பது தமிழ்க் கூத்து மரபின் சொல். சவிட்டு நாடகத்தில் ஆசான் இன்றும் அண்ணாவிதான்; எழுத்துப்படி 'சுவடி'தான்; கோமாளி 'கட்டியக்காரன்'தான்.

இதற்கு இன்னொரு பின்புலமும் உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அடுத்த ஆண்டே, 1579 நவம்பரில், கொச்சியில் இயேசு சபையாரின் கல்லூரியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சிடப்பட்டது. இரண்டும் அன்றிக்கே அடிகளார் உருவாக்கிய தமிழ் நூல்கள். ஆகவே, காகிதத்தில் அச்சேறிய தமிழின் முதல் ஊர்களுள் கொச்சியும் ஒன்று. முத்துக்குளித்துறைக்கும் மலையாளக் கரைக்கும் இடையே பாதிரிமாரும் படகோட்டிகளும் வணிகரும் இடையறாது சென்றுவந்த காலம் அது. கொச்சிக் கத்தோலிக்கரின் செவிக்குத் தமிழ் அன்று அயல்மொழியாக ஒலித்திருக்காது.

2. தகட்டுக்குத் தகடு

நாடகத்தின் பனுவலைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் ஆய்வுகள் வந்துள்ளன. கோதுருத்தைச் சேர்ந்த சபீனா ராபி 1964இல் மலையாளத்தில் வெளியிட்ட சவிட்டு நாடக ஆய்வு இத்துறையின் அடித்தளம். ஆனால் உடையையும் அணியையும் பற்றிப் பொதுவாக எழுதப்படுவது ஒரு வரிதான்: 'பளபளக்கும் ஐரோப்பிய அரச உடை'. அந்தப் பளபளப்பு எதனால் ஆனது, யார் செய்தது, எப்படிச் செய்தது என்ற வினாக்கள் எழுவதே அரிது.

வெல்வெட்டுத் துணி, ஜரிகை, கண்ணாடிக் கற்கள், கையுறை, காலுறை ஆகியவை உடலுக்கு. தலைக்கு அட்டை, அதன்மேல் பொன்னிறத் தாள். இந்தத் தேர்வை வறுமையின் விளைவு என்று மட்டும் கூறி நகர்ந்துவிடலாகாது. ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு உண்மைகள் தெரியும்.

கதகளியின் முடி குமிழ மரத்தில் செதுக்கப்படுவது. வட தமிழகத்துக் கட்டைக்கூத்தின் முடியும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் கடைந்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் பதிக்கப்படுபவை. அக்கலைக்குப் பெயர் தந்தவையே அந்தக் கட்டைகள்தாம். இவ்விரண்டும் செதுக்குக் கலை சார்ந்தவை. திரண்ட மரத்தில் வேண்டாததை நீக்கினால் முடி தோன்றும். அதற்குப் பயின்ற தச்சர் வேண்டும். அத்தச்சரைப் புரக்கக் கோயிலோ அரண்மனையோ ஊர்ப் பொதுப்பணமோ வேண்டும்.

ஐரோப்பிய முடியின் அமைப்பு முற்றிலும் வேறு. அது தகட்டு வேலை. பொற்கொல்லன் தகட்டைப் பட்டையாக வெட்டி, மேல்விளிம்பில் இதழ்களை வார்ந்து, வளைத்து, முனைகளை இணைத்து, வளைவுகளை உச்சியில் சேர்த்து, அங்கே சிலுவையை நிறுத்துவான். மரத்தில் இதைச் செதுக்க முயன்றால் இதழ்கள் மெல்லியவையாய் இரா. மெல்லியவையாய் இருந்தால் முறிந்துபோகும். அட்டையோ தகட்டைப் போலவே நடந்துகொள்ளும் பொருள். வெட்டலாம், வளைக்கலாம், துளையிடலாம், தைக்கலாம். அட்டைமுடி செய்பவரின் கை பொற்கொல்லனின் கை செய்யும் செயல்களை அதே வரிசையில் செய்கிறது. சார்லமேனின் முடிக்கு மரத்தைவிட அட்டையே பொருத்தமான பொருள் என்பதை அக்கரையோர் கண்டுகொண்டது தொழிலறிவு.

புரவலர் கணக்கும் இதனோடு சேர்ந்தது. கதகளிக்கு அரண்மனையும் நம்பூதிரி இல்லங்களும் கோயில்களும் பின்னின்றன. சவிட்டு நாடகத்துக்குப் பங்குக் கோயிலின் திருவிழாவும் ஊரார் சேர்த்த பணமும் நடிகரின் சொந்தக் கைப்பொருளுமே பின்னின்றன. கத்தரியும் பசையும் ஊசிநூலும் இருந்தால் ஆடுபவரே தம் முடியைச் செய்துகொள்ள முடியும் என்பது அத்தகைய கலைக்கு உயிர்நாடி.

3. பசையும் உப்புக்காற்றும்

இத்தகைய முடியின் செய்முறை எளிது போலத் தோன்றும், நுட்பங்கள் பல. இயந்திரத்தில் செய்த அட்டைக்கு ஓட்டம் உண்டு. நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையை அச்சாக வைத்து வளைத்தால் அட்டை இணங்கி வட்டமாகும். குறுக்காக வளைத்தால் மடிப்பு விழுந்து உடையும். எனவே பட்டையை வெட்டுமுன் அட்டையைக் கையில் பிடித்து இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்ப்பது முதல் வேலை. ஒரே தடித்த அட்டையைவிட, மெல்லியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்து உலர்த்தினால் வடிவம் நிலைக்கும். வெயிலில் உலர்த்தினால் ஒருபக்கம் விரைந்து காய்ந்து கோணும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

பசை மாவுப்பசை. அதில் மயில்துத்தம் சிறிது சேர்ப்பது புத்தகம் கட்டுவோரும் சுவரொட்டி ஒட்டுவோரும் நன்கறிந்த வழக்கம், பூச்சியைத் தடுக்கும். பசையை மட்டும் நம்பினால் நடிகரின் வியர்வை இணைப்பை நெகிழ்த்திவிடும் என்பதால் முனைகளை நூலால் தைக்க வேண்டும். உள்ளே துணிப்பட்டை வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலேதான் பொன்தாள், ஜிகினா, கண்ணாடிக் கல். பொன்னல்லாத பொன்னிறத்துக்குத் தமிழில் 'காக்காய்ப்பொன்' என்றொரு சொல் உண்டு. ஏளனமும் செல்லமும் கலந்த அச்சொல் இந்த முடிக்கு மிகப் பொருந்தும்.

எடையும் இங்கே கருதத்தக்கது. பலகை மேடையில் ஓங்கி மிதிக்கும்போது அதிர்வு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஏறும். பாட்டும் நடிகருடையதே, மூச்சும் அவருடையதே. காறல்மான் நாடகமோ முன்னாளில் பல இரவுகள் நீண்டது. தலையில் கனமிருந்தால் கழுத்து தளரும்; கழுத்து தளர்ந்தால் குரல் தளரும். தலையில் இருப்பதை மறந்து ஆடக்கூடிய முடியே நல்ல முடி.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் விளக்கு அசையும் ஒளி. அதன்முன் கசங்கிய பொன்தாளின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியே மின்னி மறையும். பெட்ரோமாக்ஸ் வந்தபோதும் மினுக்கம் முற்றிலும் அகலவில்லை. நிலையான வெண்ணிற மின்னொளியில் அதே தாள் தட்டையாகிவிடுகிறது. இன்றைய பார்வையாளர் சிலர் 'வெறும் அட்டை' என்று முகம் சுளிப்பதற்குக் காரணம் முடியில் மட்டும் இல்லை, விளக்கிலும் இருக்கிறது.

உப்புக்காற்றும் நீண்ட பருவமழையும் கொச்சியின் இயல்பு. ஈரம் பசையை இளக்கும். மாவின் சுவை வெள்ளிப்பூச்சியை அழைக்கும். கரையான் மீதியை முடிக்கும். ஆதலால் அட்டைமுடி என்பது ஒருமுறை செய்து காலமெல்லாம் வைத்திருக்கும் பொருளன்று. மீண்டும் மீண்டும் செய்யப்பட வேண்டியது.

4. 'மாறாத மரபு' என்னும் கூற்று

இங்கேதான் வரலாற்றாசிரியருக்குரிய வேலை தொடங்குகிறது. சவிட்டு நாடகத்தைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள், நடிகர்களின் உடை 16ஆம் நூற்றாண்டிலிருந்து மாறாமல் வருவது என்ற எண்ணத்தைத் தருகின்றன. கதைக்கும் பாட்டுக்கும் அந்தப் பழமையின் தொடர்பைக் கோரலாம். அட்டைமுடிக்கு அதைக் கோர இயலாது.

காரணம் எளியது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் காகிதம் கையால் செய்யப்பட்ட விலையுயர்ந்த பொருள். மலையாளக் கரையில் அன்றாட எழுத்துக்குப் பனையோலையே போதுமானதாக இருந்தது. காகிதம் செய்யும் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நிலைபெற்று, அந்நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் மூலப்பொருளான பின்னரே தாளும் அட்டையும் மலிந்தன. நெளிவரி அட்டைக்கு 1856இல் இங்கிலாந்தில் முதற்காப்புரிமை பெறப்பட்டது. அது பெட்டிக்காக அன்று, கனவான்களின் உயர்ந்த தொப்பிக்கு உள்வரிசையாக என்பது நம் பொருளுக்கு இயைந்த செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரில் புனலூர்க் காகித ஆலை எழுந்தது. மலிவான அட்டையும் இயந்திரப் பொன்தாளும் மீனவர் கைக்கு எட்டியது இந்தக் காலக்கட்டத்திலேயே இயலும்.

ஆகவே, நாம் மேடையில் காணும் முடி அதை அணிபவர் பாடும் பாட்டைவிட இளையது. இது அக்கலையின் பெருமையைக் குறைப்பதாக நான் கருதவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கிட்டிய பொருள்களுள் மலிவானதும் மின்னுவதுமான தகட்டைத் தேர்ந்து சார்லமேனைப் புதிதாகச் செய்துகொண்டது. தொடர்ச்சி பொருளில் இல்லை. செய்யும் செயலில் இருக்கிறது. செவ்வியல் கலைகளும் இவ்வாறே நடந்துகொண்டன. கதகளியின் முகத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து அடுக்கடுக்காக எழுப்பப்பட்ட சுட்டி, கடந்த நூற்றாண்டில் வெட்டிய வெண்தாளுக்கு இடம் கொடுத்தது. அதைக் கலப்படம் என்று எவரும் கூறவில்லை, நுட்பம் என்றனர். அரண்மனைக் கலை காகிதத்தை எடுத்தால் புதுமை, கடற்கரைக் கலை எடுத்தால் போலி என்ற இரட்டை அளவுகோலை நாம் கைவிட வேண்டும்.

5. கடல் சுமந்த சார்லமேன்

சார்லமேன் கதை கொச்சிக்கு மட்டும் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள சாவ் தோமே தீவில், பால்தசார் தியாஸ் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய நாடகத்தை அத்தீவினர் 'சிலோலி' என்ற பெயரில் கம்பிவலை முகமூடி அணிந்து இன்றும் ஆடுகின்றனர். சிசிலியின் பாவைக்கூத்தில் அதே வீரர்கள் உலோகக் கவசம் பூண்ட பாவைகளாகத் தோன்றுகின்றனர். பிலிப்பைன்சின் 'கொமெதியா' கிறித்தவ, முகமதிய அரசர்களின் போரை மேடையில் நிகழ்த்துகிறது. பேரரசுகள் அனுப்பிய ஒரே கதையை ஒவ்வொரு கரையும் தன் கைக்கு எட்டிய பொருளால் உடுத்தியது.

தமிழர்க்கு இன்னும் நெருங்கிய உறவு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. அங்கும் கத்தோலிக்கக் கூத்து உண்டு. அங்கும் அண்ணாவியார் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'என்றீக்கு எம்பரதோர் நாடகம்' வெளிவந்த ஆண்டு 1964. சபீனா ராபியின் நூல் வந்த அதே ஆண்டு. 'எம்பரதோர்' என்பது பேரரசரைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். கடலின் இருபுறத்தும் இருவர் ஒரே ஆண்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கலைகளை மீட்டெடுத்தனர். இருவராலும் மீட்கப்பட்டவை பனுவல்கள். முடிகளையும் உடைகளையும் இவ்வாறு ஊர் ஊராக ஒப்புநோக்கும் பணி இன்னும் செய்யப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

6. காக்கப்படும் காகிதம், கழிக்கப்படும் காகிதம்

மட்டாஞ்சேரியிலேயே இதற்கு ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் தம் மலையாளப் பாட்டுகளைக் குறிப்பேடுகளில் படியெடுத்து வைத்திருந்தனர். 1950களில் பெருந்தொகையினர் இசுரேலுக்குப் பெயர்ந்தபோது அந்த ஏடுகளும் உடன்சென்றன. பின்னாளில் பார்பரா ஜான்சன், ஸ்கறியா சக்கறியா முதலியோர் உழைப்பால் அவை ஆய்வுக்கும் அச்சுக்கும் வந்தன. நைந்த காகிதம்தான், ஆயினும் எழுத்து இருந்ததால் அது ஆவணமாயிற்று.

அதே ஊர்ப்பக்கம் ஆண்டின் கடைசி இரவில் வேறொரு வகைப் படைப்பையும் காணலாம். கொச்சிக் கோட்டையில் 'பாப்பாஞ்சி' என்னும் கிழவன் உருவத்தைப் பெரிதாகச் செய்து நள்ளிரவில் எரிப்பர். எரிவதற்கென்றே செய்யப்படுவது அது. சாம்பலாவதில் அதன் பொருள் நிறைவுறுகிறது. அதற்கு அருங்காட்சியகம் தேடுவது பொருந்தாது.

அட்டைமுடி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் எழுத்து இல்லை என்பதால் ஆவணக் காப்பகம் அதைக் கேட்பதில்லை. எரிப்பதற்காகச் செய்ததும் அன்று. பெட்டியில் வைத்து அடுத்த திருவிழாவுக்கு எடுக்கவே செய்தது. சுவடி நைந்தால் படியெடுத்தோம். முடி நைந்தபோது புதிது செய்து பழையதைக் கழித்தோம். புதிது செய்யும் கைகள் இருந்தவரை அதனால் இழப்பில்லை.

இன்று அந்த நிபந்தனைதான் ஆட்டம் காண்கிறது. பள்ளிக் கலைவிழாப் போட்டிகளில் சவிட்டு நாடகம் இடம்பெற்ற பின் ஆடும் பிள்ளைகள் பெருகியுள்ளனர். முன்பு ஆணே பெண்வேடம் பூண்ட மேடையில் இன்று மாணவியர் அரசராகவும் நிற்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சி. அதேவேளை போட்டிக்குரிய உடையும் முடியும் வாடகைக்குக் கிடைக்கும்போது, ஆடுபவர் தம் முடியைச் செய்துகொள்ள வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. நுரைத்தாளும் பிளாஸ்டிக் மணியும் அட்டையின் இடத்தைப் பிடிப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அட்டையும் ஒரு காலத்தில் அவ்வாறு வந்ததே. செய்வோரும் ஆடுவோரும் பிரிந்துபோவதே கவனிக்க வேண்டியது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால், எந்த இதழ் எந்த அரசனுக்கு உரியது, தைப்பு எங்கே வர வேண்டும், எவ்வளவு உயரத்துக்கு மேல் முடி ஆட்டத்தில் சாயும் என்பன போன்ற அறிவு எந்தச் சுவடியிலும் இல்லாமலே மறையும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. உடைந்த முடியைக் கழிக்குமுன் அதைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து எல்லைக்கோடு வரைந்துகொண்டால் அதுவே அச்சுப்படம் ஆகும். உள்ளடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய செய்தித்தாளோ பொட்டலத்தாளோ அம்முடியின் காலத்தைச் சொல்லும்; நாணயம் காட்டும் ஆண்டைப் போல அதையும் படிக்கலாம். செய்தவரின் பெயரை உட்புறத்தில் எழுதிவைக்கலாம். அண்ணாவிமாரிடம் பாட்டைப் பதிவுசெய்யச் செல்லும் ஆய்வு மாணவர், பசையின் பக்குவத்தையும் கேட்டு எழுதிவரலாம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்து உடுப்புகளை வைத்திருப்போர் அவற்றின் அளவுகளைக் குறித்துவைத்தால் இருகரை முடிகளையும் ஒருநாள் அருகருகே வைத்துப் பார்க்க இயலும்.

கடற்கரை ஊர்களில் உறவுடைய நண்பர்கள் தங்கள் வீட்டுப் பரணிலோ பங்குக் கோயிலின் பொருளறையிலோ பழைய நாடகப் பெட்டி இருக்கிறதா என்று இந்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். உள்ளே சுவடி இருந்தால் அதன் அருமையை நீங்களே உணர்வீர்கள். அதன் அடியில் நசுங்கிய அட்டையும் கறுத்த பொன்தாளும் கிடந்தால், அவற்றையும் குப்பை என்று ஒதுக்காமல், நிழற்படம் எடுத்து அளந்து எழுதிவையுங்கள்.